உடைத்தவர் சொல்ல வேண்டும்

கண்ணாடிக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. எது உடைந்தாலும் உடைத்தவர் அந்த நொடியே "நான்தான்" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். வைத்த காலை எடுக்கக் கூடாது. கண்ணாடிக்காரரின் மனைவி துடைப்பத்தோடு வந்து, கூட்டி அள்ளி, ஈரத் துணியால் தரையை ஒற்றி எடுத்து, "நடக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் ஆட்கள் அசைவார்கள். எப்படி நழுவியது, யார் கவனம் எங்கே போயிருந்தது என்ற பேச்செல்லாம் அதற்கப்புறம். பெரும்பாலும் அதற்கப்புறமும் இருக்காது. திட்டினால் கண்ணாடி ஒட்டிக்கொள்ளப் போவதில்லை என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியும்.

ஒருவரும் குரல் கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவர் வழி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே "நான்தான்" என்று சொல்லிவிடுவார். ஆளைத் தேடிக்கொண்டு நின்றால் அதற்குள் யாராவது காலைக் கிழித்துக்கொள்வார்கள் என்பது அவர் கட்சி. பூனை தள்ளிவிட்டதற்குக்கூட ஒருமுறை அவர் பொறுப்பேற்றார். "பூனை வந்து சொல்லவா போகுது?" என்றார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. கடையில் கம்பளி விரித்த பெரிய மேசை. சுவரோரம் மரச் சட்டத்தில் சாய்த்து நிறுத்திய தாள் தாளான கண்ணாடிகள். கண்ணாடியைக் கீறும் கட்டரை நனைப்பதற்கு ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய். அந்த வாசனை திரையைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். அந்த வீட்டு ரொட்டியில்கூட அது லேசாக அடிக்கும் என்று தெருவில் சொல்வார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அந்த வீட்டில் ரொட்டி தின்றவர்கள்தான்.

கடையில் வேலைக்கு ஒரே ஒருவர். சட்டம் இணைப்பது, விளிம்பைக் கல்லால் தேய்த்து மழுக்குவது எல்லாம் அவர் பாடு. ஆள் உயரம் என்பதால் நெட்டை என்று பெயர். கண்ணாடிக்காரரை அண்ணே என்பார். அவர் மனைவியை அண்ணி என்பார். அவர்களுடைய மகளுக்கு இவர் சித்தப்பா. ரத்தத்தில் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் கல்யாணம் காட்சி செய்துகொள்ளாத அந்த மனிதருக்கு வேறு வீடும் கிடையாது.

மகளுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் "கணக்கு". தெருப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் எல்லாம் அவள் கையால் போனதுதான். வாத்தியார்களுக்கும் அது தெரியும். இப்போது கல்லூரியில் கடைசி வருடம். பயன்பாட்டுக் கணிதத்தில் மேற்படிப்புக்கு வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். "அதென்ன பயன்பாட்டுக் கணக்கு? அப்ப இத்தனை நாள் படிச்சது பயன்படாத கணக்கா?" என்று நெட்டை கேட்டார். கேட்டுவிட்டு, தான் கேட்டதைத் தானே ரசித்துத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இனி கண்ணாடிக்காரர் கையின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மகளின் போன கல்லூரிப் பருவத்தின் கடைசியில், முடிவெட்டும் கடைக்குப் போக வேண்டிய பெரிய முகக்கண்ணாடி ஒன்றைக் கண்ணாடிக்காரர் தூக்கிக்கொண்டிருந்தார். நழுவியது. விழுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, விட்டுவிடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அன்று எந்த நினைப்பிலோ வலது கையை நீட்டிப் பிடித்துவிட்டார். உள்ளங்கை திறந்துகொண்டது. ரத்தம் ஒழுக ஒழுக நின்ற இடத்தில் நின்று "நான்தான்" என்று சொன்னார். நெட்டைதான் வழக்கத்தை மீறி, காலில் குத்தினதைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்து அவரைத் தாங்கினார்.

இரண்டு விரல்களுக்குப் போகிற தசைநார் அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்டினார்கள். நாள் கணக்கில் படுக்கையில் கிடந்தார். மகள் முதல் நாள் வந்து அழுதுகொண்டு நின்றாள். "நீ போய்ப் படிம்மா. உனக்குப் பரீட்சை இருக்கு. இங்க நின்னு என்ன பண்ணப் போற?" என்றார். அவள் போனாள். அப்புறம் வரவில்லை. அம்மா போன் செய்யும்போதெல்லாம், "லைப்ரரில இருக்கேம்மா. பரீட்சை முடிஞ்சதும் வரேன்" என்றாள்.

லைப்ரரியில் இருந்தது உண்மை. லைப்ரரிக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் இருந்தாள். அங்கே உட்கார்ந்து போனில், ஒரே நிறக் கட்டிகளைச் சேர்த்தால் வெடிக்கிற, சின்னப் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டை விளையாடினாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பருவத்தில் "பகுப்பாய்வு" என்று ஒரு பாடம். அதுவரை கணக்கு என்றால் அவளுக்குப் போடுவது. விடை வரும், அடிக்கோடு போடுவாள். இந்தப் பாடத்தில் போட எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நிறுவ வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தைக்கூட ஏன் அப்படி என்று நிறுவ வேண்டும். அவளுக்குப் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். கை தூக்கிக் கேட்டிருக்கலாம். கணக்கு என்று பெயர் வாங்கியவள் எப்படிக் கேட்பாள்? ஒரு வகுப்பை விட்டாள். அடுத்ததில் இன்னும் புரியவில்லை. அப்புறம் போகவே இல்லை. நடத்தியவரும் வருகை எடுக்கிற ஆள் இல்லை. அப்பா கையை அறுத்துக்கொள்வதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பாடம் அவள் கையை விட்டுப் போய்விட்டது.

முடிவு வந்தபோது மற்றதெல்லாம் வழக்கம்போல. பகுப்பாய்வில் மட்டும் சி கிரேடு. மேற்படிப்புக்கு எடுப்பவர்கள் முதலில் பார்க்கிற பாடமே அதுதான் என்றார்கள் கூடப் படித்தவர்கள். அவளுக்குத் தூக்கம் போயிற்று.

சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பேராசிரியரிடம் போனாள். அவர் வேறு பாடங்கள் நடத்தியவர். அவள்மேல் பிரியம் உள்ளவர். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் என்னம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டார். குரலில் அத்தனை கரிசனம். அவள் வாயைத் திறந்தாள். "அப்பாவுக்குக் கையில அடிபட்டு ஆபரேஷன் சார். அந்த நேரத்துல படிக்க முடியல" என்று வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால் பொய் என்று எதையும் காட்ட முடியாது. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய்.

ஆஸ்பத்திரிக்குப் போகாததற்குப் பரீட்சையைக் காரணம் சொன்னவள், பரீட்சை போனதற்கு ஆஸ்பத்திரியைக் காரணம் சொன்னாள். அவளுக்கே அது தெரிந்திருந்தது. தன்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையிலும் அதையே எழுதினாள். கீறிய கண்ணாடியில் பிளவு எந்த வழியே ஓடும் என்பதைச் சமன்பாட்டில் பிடிக்க வேண்டும் என்ற ஆசை, அப்பாவின் கடையில் வளர்ந்ததால் வந்தது என்று தொடங்கியது கட்டுரை. அது நிஜமான ஆசை. இரண்டு பத்தி தள்ளி அப்பாவின் கை வந்தது. அதைப் படித்த தோழி ஒருத்தி, "இந்த இடம் மனசைத் தொடுது" என்றாள். கணக்கு கட்டுரையை மூடி வைத்தாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. காற்று சுழன்று அடித்து ஊரில் ஜன்னல்களை உடைத்துப் போட்டது. மற்ற கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கடையில் ஆட்கள் குடையோடு நின்றார்கள். கண்ணாடிக்காரரால் கட்டரைப் பிடிக்க முடியவில்லை. ஒட்டிய தசைநார் உள்ளே சதையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு விரல்களும் டம்ளரைப் பிடித்த மாதிரியே மடங்கி நின்றன. நீட்டவும் வரவில்லை, முழுக்க மடக்கவும் வரவில்லை. மனைவிதான் வெட்டினாள். சின்னத் துண்டுகளில் ஆரம்பித்துப் பெரிய தாள் வரைக்கும் வந்துவிட்டாள். அவர் பக்கத்தில் நின்று, "ஒரே இழுப்பு, நிறுத்தாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லச் சொல்லத்தான் கை நடுங்குது. போய் டீ குடிங்க" என்று அவள் விரட்டினாள்.

இன்னொரு ஆபரேஷன் செய்து ஒட்டியதைப் பிரித்துவிட வேண்டும், தள்ளிப் போட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் கத்தி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளும் குறித்துக் கொடுத்தார்.

அந்த வாரத்தில்தான் பேராசிரியர் கடைக்கு வந்தார். அவர் வீட்டு மாடி ஜன்னலும் போயிருந்தது. அளவை பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடிக்காரரின் கையைப் பார்த்தவர் சட்டென்று நின்றார்.

"நீங்க... உங்க பொண்ணு காலேஜ்ல படிக்கிறாங்களா?"

"ஆமா சார். கணக்கு."

"கணக்குதான். எங்கிட்டதான் படிக்கிறா. இந்தக் கைதானா அது? ரொம்ப வருத்தமா இருக்குங்க."

"அதுக்கென்ன சார், வேலைன்னா வர்றதுதான்."

"நீங்க கவலைப்படாதீங்க. உங்க ஆபரேஷனாலதான் அந்த ஒரு பாடத்துல குறைஞ்சுபோச்சுன்னு கடிதத்துல தெளிவா எழுதியிருக்கேன். படிக்கிறவங்க புரிஞ்சுக்குவாங்க."

கண்ணாடிக்காரருக்கு மார்க் குறைந்ததே அப்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். யாரும் குரல் கொடுக்காதபோது நிற்பாரே, அந்த மாதிரி. பிறகு தலையை ஆட்டி, "நான்தான் சார். என்னாலதான்" என்றார். வருடக் கணக்கில் சொல்லிப் பழகிய வாய். விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்த நெட்டை கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, குறித்த நாளுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

மனைவிக்கு அது சாப்பிடும் நேரத்தில் தெரிந்தது. ரொட்டியை அவருக்கு எடுக்கத் தோதாகத் துண்டு துண்டாக வெட்டி முட்டையோடு வைத்திருந்தாள். இடது கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே, சாதாரண விஷயம்போலச் சொன்னார்.

"வேணாம்னு சொல்லிட்டீங்களா? யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"வேணாம்னு சொல்லல. தள்ளி வச்சிருக்கு."

"தள்ளி வச்சா விரல் போயிடும்னு டாக்டர் என் முன்னாடிதானே சொன்னாரு? எனக்கு மட்டும் காது கேட்டுச்சா?"

"மழை சீசன். கடையில கூட்டம்."

"கூட்டத்துக்கு நீங்க என்ன வெட்டித் தள்றீங்க? பக்கத்துல நின்னு என் பிராணனை வாங்கறீங்க. அதை ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் போன்லயும் பண்ணலாம்."

நெட்டை சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார், இன்னொரு துண்டை எடுத்தார். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, குரல் இறங்கி. "ஆமா, பயம்தான்னு வச்சுக்கோ" என்று எழுந்தார். எழும்போது கை மேசையில் இடித்தது. முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது.

"வலிக்குதாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லம்மா. நீ படி."

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். ஆஸ்பத்திரியில் முதல் நாள் கேட்டபோதும், கட்டுக்குமேல் ரத்தம் ஊறிக்கொண்டிருக்க, இதையேதான் சொன்னார். அப்போது அந்தப் பதில் அவளுக்கு வசதியாக இருந்தது. இப்போது அதைக் கேட்க முடியவில்லை.

மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பியவளை நெட்டை நிறுத்தினார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டை மடியில் சாய்த்து விளிம்பைத் தேய்த்தபடி, நிமிராமல் பேசினார்.

"உங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும் பாப்பா. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"என்ன சித்தப்பா?"

"உன் வாத்தியார் வந்திருந்தாரு. ஜன்னலுக்கு."

கணக்கு குடையை மடக்கினாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள்.

"உங்கப்பா ஆபரேஷனால உனக்கு மார்க்கு போச்சாமே? சொல்லிட்டுப் போனாரு. அப்பலேர்ந்து மனுஷன் ஆளே இல்ல. நேத்து எங்கிட்ட சொல்றாரு, ஒரு தடவை படுத்துப் பொண்ணு படிப்பைக் கெடுத்துட்டேன்டா, இன்னொரு தடவை கெடுக்க மாட்டேன், அவ விண்ணப்பம் எல்லாம் போய், இந்தப் பரீட்சையும் முடியட்டும், அப்புறம் கையப் பாத்துக்கலாம்னு. அண்ணிகிட்ட சொல்லாதன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. உங்கிட்ட சொல்லாதன்னு சொல்லல. அதான் சொல்றேன்."

அவள் கல் ஓடுகிற விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு. அப்பா, நீ படுத்தாலும் நான் படிச்சுக்குவேன்னு. கேப்பாரு." கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். "உன் தப்பு இல்ல பாப்பா. அப்பாவுக்கு ஒண்ணுன்னா எந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஓடும்? அதை நான் குறை சொல்லல."

குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். தெருமுனைவரை குடையை விரிக்காமலே நடந்தாள். நெட்டை சொன்ன வழி சுலபமான வழி. நான் படித்துக்கொள்வேன் அப்பா என்று ஒரு வார்த்தை. பொய்யைத் தொடாமல், கையையும் காப்பாற்றிவிடலாம். சொல்லியும் பார்த்தாள், அன்று சாயங்காலமே. "நீங்க ஆபரேஷன் பண்ணிக்கோங்கப்பா. நான் படிச்சுக்குவேன்." அவர் அவள் தலையைத் தடவி, "போன தடவையும் இப்படித்தாம்மா சொன்ன. மனசு உன் பேச்சைக் கேட்டுச்சா?" என்றார். எத்தனை பிரியமாகக் கேட்டார். அவள் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். கழுவி முடித்தும் குழாயை மூடாமல் நின்றாள்.

ஒட்டிய தசைநார் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டிருக்கும். வெந்நீரில் கையை வைத்து அவர் விரலை நீட்டப் பார்ப்பதையும், கொஞ்சம் முயன்று விட்டுவிடுவதையும் அவள் பார்த்தாள். டாக்டர் சொன்ன கெடு தாண்டுவதற்கு அதிக நாள் இல்லை. கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை எடுப்பாள், எடுத்தால் சி மட்டும் காரணமில்லாமல் தனியாக நிற்கும், மறுபடி சேர்ப்பாள். இத்தனைக்கும் தனக்கு இந்தப் படிப்பு எதற்கு என்றுகூட ஒருநாள் யோசித்தாள். அதுவும் தப்பித்துக்கொள்கிற யோசனைதான் என்று அவளுக்கே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு நிறைய ஜன்னல் கண்ணாடி வெட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரரின் மனைவி வாசலில் அளவு சொல்ல வந்தவரை அனுப்பிவிட்டு நின்றாள். நெட்டை முக்காலியில் உட்கார்ந்து சட்டத்தை இணைத்துக்கொண்டிருந்தார். மகள் தட்டில் டீயை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரையை விலக்கி வந்தாள்.

வெட்டி வைத்திருந்த தாளை நகர்த்தக் கை ஒழிந்த ஆள் இல்லை என்று கண்ணாடிக்காரர் தானே தூக்கினார். இடது கை மேலே, வலது கை கீழே. மடங்கிய விரல்களில் கண்ணாடி நிற்கவில்லை. இந்தத் தடவை அவர் பிடிக்கப் போகவில்லை, விட்டுவிட்டார். மேசைக்கும் திரைக்கும் நடுவில் விழுந்து கடை முழுக்கச் சிதறியது.

"நான்தான்" என்றார்.

எல்லாரும் நின்றார்கள். நெட்டை சுத்தியைத் தூக்கிய கையோடு நின்றார். வெயில் நேராக உள்ளே விழுந்ததால் தரை பூராவும் மினுங்கியது. எது கண்ணாடி, எது வெளிச்சம் என்று தெரியவில்லை. மனைவி வாசல் மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்து அங்கிருந்தே கூட்ட ஆரம்பித்தாள். வாசலிலிருந்து மேசைவரை வர வேண்டும்; அவசரப்பட முடியாத வேலை.

"இந்தக் கையை நம்பித் தூக்கினேன் பாரு" என்றார் கண்ணாடிக்காரர், கையைப் பார்த்து. "ஒண்ணுக்கும் உதவாத கை. அவ படிப்பையும் கெடுத்துச்சு."

துடைப்பம் நின்றது. "என்ன சொல்றீங்க? யார் படிப்பை?" என்றாள் மனைவி.

"நான்தான்" என்றாள் மகள்.

நெட்டை குழப்பத்தோடு பார்த்தார். "அண்ணன்தான் போட்டாரு. நீ எதுக்குப் பாப்பா சொல்ற?"

"இது இல்ல சித்தப்பா. மார்க்கு." தட்டை இறக்கப் பார்த்தாள். வைக்க இடமில்லை, ஓடவும் முடியாது. "அப்பா, உங்க கையால மார்க்கு போகல. உங்களுக்கு அடிபடறதுக்கு முன்னாடியே நான் அந்த வகுப்புக்குப் போறதை விட்டுட்டேன். எனக்குப் புரியல. புரியலன்னு சொல்ல வெட்கமா இருந்தது. சார் கேட்டப்போ உங்க கையைச் சொல்லிட்டேன்."

வெளியில் சைக்கிள் மணி ஒன்று அடித்துக்கொண்டு போயிற்று.

"அப்ப லைப்ரரியில படிச்சிக்கிட்டு இருக்கேன்னு சொன்னது?" என்றாள் அம்மா.

"படிக்கல. பின்னாடி படிக்கட்டுல உக்காந்து போன்ல விளையாடிக்கிட்டு இருந்தேன்."

"அந்த நேரத்துல நான் ஒருத்தியா, ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும்..." அம்மா முடிக்கவில்லை. துடைப்பத்தின் அடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, ஆறுதலா என்று முகத்தில் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

"இந்தக் கையை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றார். "படுத்தா தூக்கம் வராது. தனியா உக்காந்து திட்டுவேன்."

"அப்பா."

"மார்க்கு போனா போகுதும்மா. புரியலன்னா புரியல, அதுல என்ன இருக்கு. நான் அங்க கட்டில்ல படுத்துக்கிட்டு, பக்கத்துக் கட்டில்காரங்க, வந்துபோற நர்ஸு, எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். எம்பொண்ணு பெரிய படிப்பு படிக்கிறா, பரீட்சை, அதான் பாக்க வரலன்னு. பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன்." கையை மேசைமேல் வைத்தார். "கதவு திறக்கிறப்பெல்லாம் எட்டிப் பாத்தேம்மா. நீயா இருக்கும்னு."

அவள் அழுதாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் தட்டு. போய்த் தொட யாராலும் முடியவில்லை. நாலு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். அம்மா குனிந்து கூட்டிக்கொண்டு வந்தாள். மேசையடியில், நெட்டையின் முக்காலியைச் சுற்றி, அப்புறம் மகளின் காலடியில். ஈரத் துணியால் அவள் பாதத்தைச் சுற்றி ஒற்றி எடுத்தாள். ஒரு சின்னச் சில்லு பெருவிரல் நகத்தோரம் கிடந்தது. அதைத் தனியாக எடுத்தாள். நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடக்கலாம்" என்றாள்.

அப்படியும் யாரும் நடக்கவில்லை. கடைசியில் நெட்டைதான் வந்து தட்டை வாங்கிக்கொண்டார். "டீ ஆறிப்போச்சு" என்றார். அது ஒரு சமாதானம்போல இருந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்தாள். அந்தப் பழைய நாளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கெஞ்சிக் கேட்டு, கெடு தாண்டுவதற்குள் ஒரு நாள் வாங்கினாள். பிறகு பேராசிரியரின் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னாள். அவர் கேட்டு முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சில இடத்துக்குக் கடிதம் போயாச்சு."

"அவங்களுக்கு நானே எழுதறேன் சார்."

"நானும் எழுதித்தான் ஆகணும். என் பேரும் அதுல இருக்கு." கோபம் இருந்தது; மறைக்கவில்லை. "அந்தப் பத்தியை எடுத்துடறேன். அதுக்குப் பதிலா அந்த இடத்துல போட எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. உனக்கு நஷ்டம்தான்."

"சரி சார்." கதவுவரை போய்த் திரும்பினாள். "பகுப்பாய்வு இந்தத் தடவை நீங்கதானே எடுக்கறீங்க? நான் வந்து உக்காரலாமா? சின்னப் பசங்களோடயே."

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "முதல் பெஞ்ச் காலியாதான் இருக்கும். எந்த வருஷமும் அதுல ஆள் இருந்து நான் பாத்ததில்ல" என்றார்.

கட்டுரையை மாற்றி எழுதினாள். புரியவில்லை, கேட்க வெட்கப்பட்டேன், இப்போது அந்த வகுப்பில் மறுபடி உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்தப் பத்தி முடிந்தது. படித்த தோழி ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே அனுப்பினாள். யாரிடமிருந்தும் இன்னும் பதில் இல்லை.

ஆபரேஷன் நடந்தது. மறுநாளே விரலை அசைக்க ஆரம்பிக்க வேண்டும், விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். பயிற்சி கொடுக்கிற பெண் வந்து ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிக் காட்டிவிட்டு, கூட இருக்கிறவர்கள் இதை அடிக்கடி செய்துவிட வேண்டும் என்று சொல்லிப் போனாள். அம்மா கடையில் இருந்தாள். மகள்தான் கூட இருந்தாள். வந்ததிலிருந்து அப்பா அவளோடு அதிகம் பேசவில்லை. தண்ணீர் கேட்டார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார்; அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரர் "பொண்ணா?" என்று கேட்டதற்கு "ஆமா" என்றார், மேலே ஒன்றும் சேர்க்காமல்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் காட்டியபடி விரலைப் பிடித்து மெதுவாக நீட்டினாள். முன்பு நின்ற இடத்தைத் தாண்டி விரல் வந்தது. அவர் நெற்றி வியர்த்தது.

"வலிக்குதாப்பா?"

அவர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வலிக்குது" என்றார். "ரொம்ப வலிக்குதும்மா. எந்திரிச்சுப் போயிடாத. உக்காரு."

அவள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த விரலைப் பிடித்தாள்.